துணி காயும் அறை

என் அப்பா தன் கடைசி ஏழு வாரங்களைக் கழித்த வீட்டில் பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் சாலைக்கு மேலே, மேட்டில், ஒரு பழைய பங்களா. நான்கு கன்னியாஸ்திரிகள் அதை நடத்திவந்தார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்ட நோயாளிகளை அங்கே சேர்த்துக்கொள்வார்கள். காசு கேட்பதில்லை, என்ன மதம், என்ன சாதி என்றும் கேட்பதில்லை. வலிக்கு மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, வேளைக்குக் கஞ்சி, பயமாக இருந்தால் பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அவ்வளவுதான் அங்கே வைத்தியம். வாசலில் ஒரு புனிதரின் பெயர் எழுதியிருந்தது. பஜாரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மேட்டில் இருக்கும் வீடு என்பதால் “மேலூடு” என்பார்கள். “அவரை மேலூட்டுல சேத்துட்டாங்களாமா” என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் மேற்கொண்டு எதுவும் விசாரிக்க மாட்டார்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது ஏற்காடு தபால் ஆபீசில் கவுண்டர் கிளார்க். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு வந்த ஆட்கள், கொடுத்த கூலி, பறித்த பழம், காயவைத்த கொட்டை, எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே சொல்ல எதுவும் இல்லை. பஜாருக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இருந்தோம்.

அந்த வருடம் மே மாத சீசன் கூட்டம் வடிந்த சமயத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. சேலத்துக்குக் கூட்டிப்போனேன். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் அப்படியே தைத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்று அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் வெளியே வந்தபோது அப்பா சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பஸ் மலை ஏறும்போது, நான்காவது வளைவோ ஐந்தாவது வளைவோ, அவராகவே சொன்னார்.

“மேலூட்டுக்கே போயிரலாம் கண்ணு.”

“எதுக்குங்கப்பா? நான் லீவு போட்டுட்டுப் பாத்துக்கறேன்.”

“எத்தனை நாளைக்குப் போடுவ? எத்தனை நாளுன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?”

அதற்குப் பிறகு வீடு வரும்வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

மேலூட்டில் அவருக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். வலி அவர்கள் சொன்னபடி மாத்திரைக்கு அடங்கியது. எல்லோரும் மதர் என்று கூப்பிட்ட தலைமைச் சகோதரி, ஐம்பது வயது தாண்டியவர், காலையும் மாலையும் வந்து அவரோடு எஸ்டேட் கதை பேசிவிட்டுப் போவார். குறை சொல்ல எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. ஏற்காட்டு மழை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: மழை நின்றால் பனிமூட்டம் வரும், அது விலகினால் மறுபடியும் மழை வரும். கொடியில் போட்ட துணி நாள் கணக்கில் அப்படியே தொங்கும். வீட்டில் இரண்டு பேர் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். மேலூட்டிலோ பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேருக்குப் படுக்கையிலேயே எல்லாம் போகும். ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் மூன்று தடவைகூட விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும். கரடியூரிலிருந்து வந்து துவைத்துப்போடும் ஓர் அக்கா இருந்தாள். அவள் துவைத்ததையெல்லாம் வராந்தாவில், நடைவழியில், சமையலறையில், ஜெபம் செய்யும் அறையின் பெஞ்சுகளின்மேல்கூட விரித்துப்போடுவாள். ஐந்து நாள் ஆனாலும் ஈரம் போகாது. வெள்ளைத் துணியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளி விழும். வேறு வழியில்லாமல் அதைத்தான் விரிப்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து போனபோது அப்பாவுக்கு அப்போதுதான் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அவர் அதன் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். களத்தில் காயும் காப்பிக் கொட்டையை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

“மூட்டை கட்ற பதம் வரலீங்க மதர்,” என்றார். “இன்னும் ரெண்டு நாள் களத்துல கெடக்கோணும்.”

மதர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு அவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கம்பளியைப் போட்டும் நிற்கவில்லை. கீழே ஈரம் இருந்தால் மேலே எதைப் போட்டு என்ன?

அன்றைக்கே இரண்டு விரிப்புகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விறகடுப்புக்கு மேலே கம்பு கட்டி, அதில் போட்டுக் காயவைத்து, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, காலையில் ரப்பர் ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். தபால் ஆபீசைத் திறக்கும் முன் போய்த் திரும்ப எனக்கு நேரம் சரியாக இருந்தது. இன்னும் சூடு போகாத விரிப்பை முதுகுக்குக் கீழே விட்டபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“உன் கையில இதெல்லாம் தொவைக்கக் குடுக்கோணும்னு இருக்குது பாரு,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. பார்வை ஜன்னல் பக்கம் இருந்தது.

“நான் தொவைக்கலீங்கப்பா, காய மட்டும்தான் வெச்சேன்.”

“எல்லாம் ஒண்ணுதான் சாமி.”

அடுத்த கட்டிலில் சேலத்து லாரி ஷெட் ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் படுத்திருந்தார். தொண்டையில் நோய், பேச்சு கிடையாது. நான் அப்பாவுக்கு விரிப்பை மாற்றுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் நான்கு விரிப்புகளாக எடுத்துப்போனேன். நான்குக்கு மேல் என் அடுப்பில் முடியவில்லை. மீதிப் பத்துப் பேரை நான் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை, கவுண்டரில் இன்லாண்டு லெட்டர் விற்றுக்கொண்டிருந்தபோது மேலூட்டிலிருந்து போன் வந்தது. போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “நீ கெளம்பும்மா,” என்றார். நான் போனபோது அப்பாவுக்கு முகம் கழுவி, தலை சீவி வைத்திருந்தார்கள். வலி இல்லாமல் போனார் என்று மதர் சொன்னார். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். முப்பதாம் நாள் பூசைக்கு மறுபடியும் வந்தார். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது, மண்மேட்டையும் மரச்சிலுவையையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கறுப்பு கிரானைட்டில் ஒரு நல்ல கல் வைக்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறேன் என்றார்.

“அண்ணா, அந்தப் பணத்துல மேலூட்டுக்கு ஏதாவது செய்யலாங்களா? அப்பா பேரால?”

“அது அவங்க வேல பாப்பா. அவங்களுக்குக் குடுக்க ஊர்ல ஆள் இருக்கு. அப்பாவுக்குக் கல்லு வெக்க நம்மள விட்டா யாரு?”

அவர் பஸ் ஏறிய பிறகு நேராக மேலூட்டுக்குப் போனேன். என்னால் முடிந்தவரை ஊரில் வசூல் பண்ணித் தருகிறேன், அப்பா நினைவாக ஒரு கட்டில் வாங்கிப் போடலாமா என்று மதரிடம் கேட்டேன்.

அவர் என்னைக் கூட்டிப்போய்ப் பின்பக்கத்து அறை ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு இரும்புக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பெயிண்டில் ஒரு பெயர், கீழே ‘நினைவாக’.

“கட்டில் குடுக்க எல்லாருக்கும் ஆசதான்மா. பேர் எழுதலாம் பாரு. ஆனா எதுத்தாப்ல படுத்திருக்கறவங்க நாளெல்லாம் அதப் படிச்சுக்கிட்டுக் கெடக்கணும். செத்தவங்க பேரு. உங்க அப்பாகூட முதல் நாளே கேட்டார், ‘யாருங்க இவரு, எனக்கு முன்னால இங்க இருந்தவரா’ன்னு. அதுக்கப்பறம்தான் எல்லாத் தலைமாட்டுலயும் துண்டு போட்டு மூடினோம்.”

“அப்போ என்னங்க மதர் வேணும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “துணி காயணும்,” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. அப்பா போன அன்று வராத அழுகை. மதர் என்னை விட்டுவிட்டு, கட்டில்களின்மேல் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

என்ன செய்யலாம் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டில் ஒரு காலத்தில் ஏலக்காய் உலர்த்த ஓர் அறை இருந்தது. சுவருக்கு வெளியே அடுப்பு. அதிலிருந்து ஒரு பெரிய இரும்புக் குழாய் அறைக்குள் நுழைந்து, தரையோரமாக ஓடி, எதிர்ச் சுவர் வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். புகை குழாய்க்குள்ளேயே போய்விடும், சூடு மட்டும் அறையில் நிற்கும். சின்ன வயதில் மழைநாளில் அந்த அறைக்குள் போய் நின்றிருக்கிறேன். அதேபோல ஒன்றை விரிப்புகளுக்காகக் கட்டினால் போதும். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். செங்கல், சிமென்ட், தகரக்கூரை, கூலி என்று அவர் சொன்ன தொகை என் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வசூல் என்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆபீஸ் கவுண்டரில் வைத்து யாரிடமும் கேட்கக் கூடாது என்று போஸ்ட்மாஸ்டர் சொல்லிவிட்டார். நியாயம்தான். அதனால் சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். மாதா கோயிலில் பூசைக்குப் பிறகு இரண்டு நிமிடம் பேசப் பங்குச் சாமியார் அனுமதி கொடுத்தார். நான் எழுந்து நின்று, துணி காய ஓர் அறை வேண்டும் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எதிர்பாராத ஒன்றைக் கேட்ட சிரிப்பு. வெளியே வந்ததும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்கண்ணு, அப்பா பேருல ஒரு மாதா சுரூபம் வெச்சா எத்தனை லச்சணமா இருக்கும்? துணிக்கு எதுக்கு ஊடு?” என்றார். ஐந்து ரூபாயும் கொடுத்தார். பஜாரில் கடைக்காரர்கள் முகத்துக்காகக் கொடுத்தார்கள். சிலர் மேலூடு என்ற சொல்லைக் கேட்டதும் கல்லாப்பெட்டியைத் திறந்து, எண்ணாமல் எதையோ எடுத்து நீட்டி, என்னைச் சீக்கிரம் அனுப்பிவைத்தார்கள். இரண்டு மாதத்தில் செங்கல்லுக்குக்கூடத் தேறவில்லை.

அப்பாவின் பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். அப்போதைய முதலாளி, அப்பா யாரிடம் வேலை பார்த்தாரோ அவருடைய மகன். மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

“ரைட்டருக்குன்னா செய்யாம இருப்பமா? ரெண்டு கட்டில் தர்றேன். ஒண்ணுல எங்கப்பா பேரு, ஒண்ணுல உங்கப்பா பேரு. சந்தோசமா?”

“கட்டில் நெறைய இருக்குதுங்க. துணி காயறதுக்குத்தான் வசதி இல்லீங்க.”

“துணி காயறதுக்கெல்லாம் நான் எப்படிம்மா குடுக்கறது? நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்றது?”

எழுந்து வரும்போது, பழைய ஏலக்காய் அறை இடிந்து கிடந்த இடத்தில், புல்லுக்குள் அந்தக் குழாய் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தேன். திரும்பிப்போய், அதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“அந்தத் துருப்புடிச்ச பைப்பா? எடுத்துட்டுப் போங்க. எடம் சுத்தமானாச் சரி,” என்றார். அதற்காக எஸ்டேட் ஜீப்பையும் கொடுத்தார். தான் எதையும் கொடுத்ததாக அவர் கடைசிவரை நினைக்கவில்லை. அவ்வளவு கனமான நல்ல இரும்பைக் காசு கொடுத்து வாங்க எங்களால் முடிந்திருக்காது.

குழாய் வந்துவிட்டது, சுவருக்குத்தான் வழியில்லை. அப்படி இருந்தபோது ஒரு நவம்பர் சாயங்காலம், மழைக்கு ஒதுங்க ஏரிப் பக்கம் இருந்த ஒரு லாட்ஜின் வாசலில் ஏறி நின்றேன். அதன் சொந்தக்காரர் சேலத்துக்காரர், மணியார்டர் அனுப்ப ஆபீசுக்கு வருவார், முகம் தெரியும். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வரவேற்பறை முழுக்க, நாற்காலி முதுகுகளிலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் வெள்ளை விரிப்புகள் தொங்கின.

“மன்னிச்சுக்கங்க, மழைன்னா எங்க பொழப்பு இதுதான்,” என்றார். “ஏனுங்க, ஏதோ வசூல் பண்றீங்களாமா? எதுக்குங்க?”

சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை பெட்ஷீட்டுங்க?”

“மழைக்காலத்துல முப்பது வருமுங்க.”

“முப்பதா! எனக்குப் பத்து பெட்ஷீட்டு காயாததுக்கே தூக்கம் வர்றதில்லீங்க. மேல் மாடியில ஒரு ரூமையே பூட்டி, கரி அடுப்பு வெச்சிருக்கேன். அந்த வாசத்துலயே வர்றவங்க மூக்கைச் சுளிக்கறாங்க. நோவுல கெடக்கறவங்களுக்கு அதே ஈரத்த விரிச்சா எப்படிங்க?” அவர் எழுந்து உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். நான் அதுவரை சேர்த்ததைவிட அது அதிகம்.

ரசீதில் லாட்ஜின் பெயரை எழுதப் போனேன். பதறிப்போய்க் கையை மறித்தார்.

“ஐயோ, பேரு மட்டும் வேண்டாமுங்க. எங்கயும் எழுதிராதீங்க. கல்யாணம் ஆன புதுசுல வர்ற சோடிங்கதான் எனக்கு யாவாரமே. மேலூட்டுக்கும் இந்த லாட்ஜுக்கும் சம்பந்தம்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா முடிஞ்சுது.”

பெயருக்காகக் கொடுக்க வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பெயர் வேண்டாம் என்று கையைப் பிடித்தவரைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். ஏரியைச் சுற்றி இருந்த லாட்ஜ்களுக்கெல்லாம் போனோம். பேசியது முழுக்க அவர்தான். சாவு, நோய், புண்ணியம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பெட்ஷீட் காய ஒரு ரூம் கட்றாங்க, முப்பது பெட்ஷீட்டு,” என்பார். எதிரில் இருப்பவர் மழையைப் பார்ப்பார், பிறகு தன் வராந்தாக் கொடியைப் பார்ப்பார். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணனுக்கு விவரமாக எழுதினேன், கல்லுக்கான பணத்தில் பாதியாவது அனுப்பும்படி. பதில் வந்தது. ‘அப்பா முப்பது வருடம் அடுத்தவர்களுடைய பெயர்களை எழுதினார். அவர் பெயர் ஓர் இடத்திலாவது எழுதியிருக்க வேண்டாமா? நீ கட்டும் அறையில் பெயரும் போட மாட்டார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். நான்கைந்து தடவை படித்தேன். கோபப்பட முயன்றும் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச்சில் அஸ்திவாரம் போட்டு, மே முடிவதற்குள் கூரை ஏற்றினோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே மூன்று வரிசையில் மூங்கில். கீழே அந்தக் குழாய். ஜூனில் மழை ஆரம்பித்த மூன்றாம் நாள் அடுப்பைப் பற்றவைத்தோம். துவைக்கும் அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. “பாப்போம், பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே இருபத்தைந்து விரிப்புகளை மூங்கிலில் போட்டுக் கதவைச் சாத்தினாள். நான் ஆபீசுக்குப் போய்விட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசர அவசரமாக ஏறி வந்தேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். கதவைத் திறந்தாள். விரிப்புகள் எல்லாம் காய்ந்திருந்தன. அத்தனையிலும் கறுப்புக் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. பழைய குழாயின் இணைப்புகளில் புகை கசிந்து, அறை முழுக்க நிறைந்திருக்கிறது. அன்றைக்கு மாற்ற ஒரு வெள்ளைத் துணி அந்த வீட்டில் இல்லை. ஊரெல்லாம் கெஞ்சி வாங்கிய பணம். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மதர் வந்தார். ஒரு விரிப்பை இழுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கன்னத்தில் கரி ஒட்டியது.

“காஞ்சிருச்சே!” என்றார். “கரிய வெளியேத்தறது கொத்தனார் வேல. காயறதுக்குத்தானே நாம இத்தனை பாடுபட்டோம்?”

அக்கா அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று லாட்ஜ்காரர் இருபது விரிப்புகள் கடனாக அனுப்பினார், அவர் லாட்ஜ் முத்திரை போட்ட மூலைகளை மட்டும் கத்தரித்துவிட்டு. கொத்தனார் இரண்டு நாள் இருந்து ஒவ்வொரு இணைப்பையும் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசினார். மூன்றாம் நாள் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.

அப்பாவின் முதல் நினைவு நாளுக்கு அண்ணன் வந்தார். பூசை முடிந்து, மழையோடு மழையாக மேலூட்டுக்குக் கூட்டிப்போனேன். மேடு ஏறுவதற்குள் அவருடைய பேன்ட், சட்டை எல்லாம் நனைந்துவிட்டன. மதர் அவரைப் பார்த்ததும், “முதல்ல அந்த ரூமுக்குள்ள போப்பா,” என்றார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அந்த இரண்டு மாதத்தில் நடந்திருந்தது. மேலூட்டில் குளிர் இல்லாத ஒரே இடம் அதுதான் என்று நோயாளிகளின் வீட்டு ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தூரத்திலிருந்து நனைந்து வருகிறவர்கள் முதலில் அங்கே போய் நின்று, உடம்பைக் காயவைத்துக்கொண்டு, அப்புறம்தான் கட்டிலுக்குப் போவார்கள். ஈரக் கையோடு நோயாளியைத் தொட வேண்டியதில்லை. சிலர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தும் உட்கார்ந்திருப்பார்கள். மூங்கிலில் தொங்கும் துணிகளுக்கு நடுவே யார் முகமும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அழுகிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

அன்றைக்கு உள்ளே செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்துக்காரர் ஒருவர் இருந்தார். மனைவியைச் சேர்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தினமும் நடந்தே வருவார். ஒரு சாக்கை விரித்து, அண்ணனுக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நான் வெளியே அக்காவோடு நின்றுகொண்டிருந்தேன். பேச்சுக் குரல் மட்டும் வந்தது.

“உங்க ஆளு யாருங்க உள்ள?” என்று அவர் கேட்டார்.

“இப்ப யாரும் இல்லீங்க. எங்கப்பா இருந்தாரு. போன வருசம்.”

“செரமப்பட்டாருங்களா?”

அண்ணன் சட்டையைப் பிழியும் சத்தம் கேட்டது. பிறகு, “தெரியலீங்க. நான் இங்க இல்லீங்க. வேல. எந்தங்கச்சிதான் இருந்துச்சு,” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

பிறகு அக்கா துணி எடுக்கக் கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போனாள். காய்ந்ததை மடிக்க அண்ணனும் அந்த மனிதரும் எழுந்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் மடிப்பது என்று தெரியாமல், இருவரும் ஒரே சமயத்தில் முன்னால் வந்து முட்டிக்கொண்டார்கள். “ரெண்டு பேருக்கும் ஊட்டுல பொண்டாட்டிதானுங்களா மடிக்கறது?” என்று அக்கா கேட்டாள். செம்மநத்தத்துக்காரர், “ஆமாங்க, அவதான்,” என்றார். சொல்லிவிட்டு விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தானே எப்படியோ மடித்து வைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கி வரும்போது அவர் கல்லைப் பற்றியும் பேசவில்லை, அறையைப் பற்றியும் பேசவில்லை. பஸ் கிளம்பும் சமயம், ஜன்னல் வழியாக, “அந்த அடுப்புல விறகு நொம்ப வீணாகுது பாப்பா. சூடு பூரா பொகபோக்கி வழியாப் போயிருது,” என்றார்.

அடுத்த மே மாதம் அவர் வந்தபோது கல்லும் வந்தது. நான் தடுக்கவில்லை. சேலத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்து வைத்தார்கள். பெரியது இல்லை, அப்பாவின் பெயரும், அதற்குக் கீழே ரைட்டர் என்ற ஒரு சொல்லும். வெட்டியிருந்த எழுத்தை அண்ணன் துண்டால் துடைத்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை வேண்டாம் என்று ஏன் நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று மதியம் அவர் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஓர் இரும்புத் தகட்டை எடுத்தார். வட்டமாக, நடுவில் ஒரு தண்டும் கைப்பிடியும் வைத்து, தொழிற்சாலையில் வேலை முடிந்த பிறகு தானே செய்தது. புகைபோக்கிக்குள் பொருத்தி வேண்டும்போது திருப்பினால் சூடு வெளியே ஓடாமல் அறையில் நிற்கும். போன வருடமே குழாயின் வாயைச் சாணால் அளந்துகொண்டு போயிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் புகைபோக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்தார். செம்மநத்தத்துக்காரர் எப்படி இருக்கிறார் என்று உள்ளேயிருந்தபடியே அக்காவிடம் கேட்டார். அவர் மனைவி போன செப்டம்பரிலேயே போய்விட்டாள், அவர் இப்போதும் மாதம் ஒருமுறை வந்து விறகு பிளந்து போட்டுவிட்டுப் போகிறார் என்று அக்கா சொன்னாள். அண்ணன் “அப்படிங்களா,” என்றார். தகடு பொருந்தியதும் வெளியே வந்து, கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். முழங்கை வரைக்கும் கரி. அக்கா தண்ணீர்த் தொட்டியிடம் அவரைக் கூட்டிப்போய், துணி துவைக்கும் சோப்பில் பாதியை உடைத்துக் கொடுத்தாள்.